சாவுக்கு வந்த பணம்

நைனார் வீட்டு வெள்ளைக் கார் தெருவுக்குள் திரும்பியபோதே சின்னம்மா தறியை நிறுத்திவிட்டாள். தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தவள், நூல் ஓட்டும் நாடாவைக் கையில் அப்படியே பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காரை ஓட்டி வந்தது பெரியவரின் மகன் ரிஷப். அவன் இறங்கிக் கதவைத் திறந்து அப்பாவின் கையைப் பிடித்து இறக்கினான். ஜீவந்தரன் நைனார் கம்பை ஊன்றிக்கொண்டு, படி எங்கே இருக்கிறதென்று காலால் துழாவினார். எழுபத்தெட்டு வயது. பார்வை முக்கால்வாசி போய்விட்டது. ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டு ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் அவர் இந்தக் காலனித் தெருவுக்கு இரண்டே முறைதான் வந்திருக்கிறார். இரண்டு முறையும் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனவர் இன்றைக்கு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

மணி நாலரை. அவள் மகன் தென்னரசு செய்யாறு கம்பெனியில் முதல் ஷிப்ட் முடிந்து, பஸ் ரோட்டு முனையில் வந்து நிற்க ஆறாகிவிடும். அதற்குள் இந்த மனிதரை வந்த வழியே அனுப்பியாக வேண்டும்.

முந்தாநாள் போனில் சொல்லியிருந்தார். "எங்க ஜைனருங்க பத்து நாள் நோன்பு முடியுது சின்னம்மா. மன்னிப்புக் கேக்கற நாளு. எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன், உங்க ஊடு ஒண்ணுதான் பாக்கி. தென்னரசுகிட்ட நான் சொல்லிடணும்." அவள் பதறிப்போய், "வேணாங்கய்யா, உங்க கால்ல வுழறேன்" என்றாள். அவர் போனை வைத்துவிட்டார். இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய மனிதர்களுக்கு மனசு சுத்தமாக வேண்டுமென்றால் அடுத்தவன் வீட்டுக் கூரையைப் பிரித்தாவது சுத்தம் பண்ணிக்கொள்வார்கள் போலிருக்கிறது!

தென்னரசுவுக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. அவன் அப்பா தருமன் குவைத்தில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினார். அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்தவர் நைனார். தொண்ணூறாம் வருஷம் ஈராக் பட்டாளம் குவைத்துக்குள் புகுந்தபோது இரண்டு பேரும் லாரி ஏறி ஜோர்டான் எல்லைக்கு ஓடினார்கள். வழியில், பாலைவன வெயிலில், அப்பா செத்துப்போனார். நைனார் கண்ணெதிரில் புதைத்தார்கள். அப்போது தென்னரசு வயிற்றில் ஆறு மாசம். வருஷா வருஷம் ஆவணியில் அந்தத் தேதிக்கு அப்பா போட்டோவுக்கு மாலை போட்டு, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்துப் படைப்பான். இப்போது அவன் பெண்டாட்டி நிலா பெரணமல்லூரில் தாய்வீட்டில் பிரசவத்துக்குக் காத்திருக்கிறாள். பையன் பிறந்தால் தருமன் என்றுதான் பேர் வைக்க வேண்டுமென்று ஒரே பிடிவாதமாக இருக்கிறான்.

நடந்தது வேறு. எல்லையில் ஆயிரக்கணக்கான ஜனம் மொய்த்துக்கொண்டிருந்த இடத்தில் தருமன் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு இறங்கினான். லாரி நகர்ந்துவிட்டது. நைனார் கத்திப் பார்த்தார், லாரி நிற்கவில்லை. இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் நைனார் பையில் பத்திரமாக இருந்தது. பாஸ்போர்ட் ஊர் வந்து சேர்ந்தது, ஆள் வரவில்லை.

இரண்டரை வருஷம் சின்னம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே கூலிக்குப் போனாள். அப்புறம்தான் நஷ்ட ஈடு என்று ஒரு பேச்சு வந்தது. சண்டையை ஆரம்பித்தவன் ஈராக், அவன் எண்ணெய் விற்கிற காசில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார்களாம், ஜெனிவாவில் ஆபீஸ் போட்டிருக்கிறார்களாம். மனுப் பாரம் வாங்கப் போன இடத்தில் குமாஸ்தா அவளை ஏற இறங்கப் பார்த்தான். "திரும்பி வந்தவனுக்கு ஒரு ரேட்டு, செத்தவனுக்கு ஒரு ரேட்டும்மா. காணோம்னு எழுதினா பைலு எழுந்திரிக்காது. செத்துட்டார்னு எழுது. கூட இருந்தவங்க யாராவது பாத்தேன்னு கையெழுத்துப் போடட்டும்" என்றான். இடுப்பில் பிள்ளை, வீட்டில் அரைப்படி அரிசி. அவள் போய் நைனார் வாசலில் நின்றாள். லாரியை நிறுத்த முடியாத குற்ற உணர்ச்சி அவருக்கு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செத்த தேதி என்ற இடத்தில் எதை எழுதுவதென்று அவர்கள் விழிக்க, குமாஸ்தாவே காலண்டரைப் பார்த்து ஒரு தேதியை எழுதினான். போட்டோ எடுக்கப் போகும்போது அவளே பொட்டை அழித்துக்கொண்டு போனாள்.

தொண்ணூற்றைந்தில் எண்பத்தேழாயிரம் வந்தது. இந்த வீடும் இரண்டு தறியும் அந்தப் பணம்.

தொண்ணூற்றேழில் நைனார் விலாசத்துக்குத் தருமனிடமிருந்து கடிதம் வந்தது. சின்னம்மாவுக்கு எழுத்து தெரியாது. நைனார்தான் படித்தார். கையில் காகிதம் இல்லாதவன் என்று ஈராக்கில் மூன்று வருஷம் உள்ளே வைத்திருந்தார்களாம். இப்போது ஜோர்டானில் கார் கழுவுகிறானாம். திருட்டுத்தனமாகத் தங்கியதற்கு அபராதம், டிக்கெட் எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் அனுப்பினால் வந்துவிடுவானாம். அவன் சாவுக்கு வந்ததும் அவன் உயிருக்குக் கேட்டதும் ஏறக்குறைய ஒரே தொகை! நைனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார், "வந்தா சந்தோஷந்தான். ஆனா பொய்ச் சாட்சின்னு ரெண்டு பேரும் உள்ள போவணும். வாங்கின பணத்தையும் திருப்பிக் கேப்பான்." ஏழு நாள் அவள் தறியையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். செத்தவனை நினைத்து அழுது தீர்த்த கண்ணில், உயிரோடிருப்பவனுக்கு ஒரு சொட்டு வரவில்லை. ஏன்டா பிழைத்தாய் என்று ஒரு ராத்திரி வாய் திறந்தே கேட்டுவிட்டாள். எட்டாம் நாள் போய், "எழுதாதீங்கய்யா" என்றாள்.

அந்த வார்த்தை அவளுடையது. அதை நைனார் தலையிலோ குமாஸ்தா தலையிலோ ஈராக் ராஜா தலையிலோ கட்ட முடியாது. அதைத்தான் தென்னரசு கேட்கக் கூடாது.

"வாங்கய்யா" என்று குழியிலிருந்து எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ரிஷப் அப்பாவை உட்கார வைத்துவிட்டு, கார்ல இருக்கேன் என்று வெளியே போனான். தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். இந்த வீட்டுத் தண்ணீரை அவர் குடிப்பது இதுதான் முதல் தடவை. அதுவே அவளுக்கு இன்னும் பயத்தைக் கிளப்பியது.

"பேப்பர்ல போட்டிருந்தானாம், ரிஷப் படிச்சான். ஈராக் கடைசித் தவணையையும் கட்டிட்டானாம். முப்பது வருஷம். ஐயாயிரத்திச் சொச்சம் கோடி டாலர்" என்றார்.

"கட்டட்டும். சண்டை போட்டவன் கட்றான்."

"சண்டை போட்டவன் எங்க கட்டினான்? போற வழியில, ஈராக்ல, பஸ்ராவுல ஒரு பொம்பள எங்க ரெண்டு பேருக்கும் ரொட்டி குடுத்தா. மூணு புள்ளைங்க அவளுக்கு. அந்த ஊர்ல மருந்து இல்ல, பால் இல்லன்னு பின்னாடி பேப்பர்ல படிக்கும்போதெல்லாம் அவ மூஞ்சிதான் வரும். அவ புள்ளைங்க வாயில இருந்து புடுங்கின காசு சின்னம்மா. சாகாத ஆளுக்கு வாங்கிட்டோம்."

அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. "என் புள்ள வாய்க்குத்தானே போச்சு? நானும் கட்டிகினுதான் இருக்கேன். அவங்க நாட்டுக்கு முப்பது வருஷத்துல முடிஞ்சுது. எனக்கு எப்ப முடியும்னு நீங்க சொல்லுங்க பாக்கலாம்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாக ஐந்து நிமிஷம்.

"அய்யா, உங்களுக்குப் புண்ணியமா போவும். அவன்கிட்ட சொன்னா உங்க மனசு லேசாயிடும். அவன் எங்க போவான்? அப்பன் உயிரோட இருக்க சொல்ல படையல் போட்டவளா என்னைப் பாப்பான். புள்ள பொறக்கற நேரம். உங்களால நாங்க பட்டது போதும், ஜல்தியா கிளம்பிடுங்க."

"அவன்கிட்ட சொல்ல வரலம்மா" என்றார் நைனார். "போன்ல அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா, அதைச் சொல்றதுக்கு நான் யாரு? நான் உன்கிட்ட கேக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்குது."

ஜிப்பாப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். ஓரத்தில் சிவப்பும் நீலமும் அச்சடித்த வெளிநாட்டுக் கவர், மடிப்பில் பழுத்திருந்தது. வாய் ஒட்டியபடியே இருந்தது.

"தொண்ணூத்தொம்பதுல வந்துது. எங்க விலாசம், ஆனா உன் பேரு போட்டு. நான் பிரிக்கல. பணம் கேட்டிருந்தா நீ தறிய வித்துடுவியோன்னு பயம். அவன் வந்துட்டா என்னைப் புடிச்சிகினு போயிடுவாங்கன்னு பயம். எங்க ஊட்டுக்காரி கனகவதிக்குக்கூட தெரியாது. நாளைக்குக் குடுக்கலாம், நாளைக்குக் குடுக்கலாம்னே இருபத்திமூணு வருஷம் போயிட்டுது."

சின்னம்மா வாங்கவில்லை. அந்தக் கிழவரின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும்போல் கை பரபரத்தது. ஏழு நாள் யோசித்து வேண்டாமென்று சொன்னவளுக்கு இரண்டாம் முறை சொல்ல ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அப்போது தறி மூன்றாகியிருந்தது. கையில் கொஞ்சம் காசும் இருந்தது. அப்போது என்ன சொல்லியிருப்பாள்? அவளுக்கே தெரியவில்லையே, பாவி!

"படிங்க" என்றாள்.

"கண்ணு தெரியலம்மா. ரிஷப்பக் கூப்பிடட்டா?"

"எங்க ஊட்டு சங்கதிய இன்னும் எத்தினி பேர் படிக்கணும்?"

அவர் கவரைத் தறிக்கட்டை மேல் தடவி வைத்தார். இரண்டு கையையும் குவித்து, "மன்னிச்சிடு சின்னம்மா" என்றார். அவள் கவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குவித்த கையை இறக்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கம்பைத் தட்டித் தட்டி வாசலுக்குப் போனார். மகன் ஓடிவந்து பிடித்துக்கொண்டான்.

கார் சத்தம் ஓய்ந்ததும் அவள் கவரை எடுத்துக்கொண்டு சமையல் கட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். நல்லதாகப் போயிற்று. நைனார் இனி வாய் திறக்கமாட்டார். இது ஒன்றுதான் மிச்சம், இதுவும் சாம்பலாகிவிட்டால் தென்னரசுவின் அப்பா பாலைவனத்தில் வீரமாகச் செத்தவர் செத்தவராகவே இருப்பார். பேரனுக்கோ பேத்திக்கோ அந்தக் கதையைச் சொல்லலாம். கவரின் ஒரு மூலையை நெருப்புக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

கை நின்றுவிட்டது. உள்ளே என்ன எழுதியிருக்கிறான்? திட்டியிருக்கிறானா? நாசமாகப் போ என்று சாபம் விட்டிருக்கிறானா? இல்லை, அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டேன், நீ உன் வழியைப் பார் என்று எழுதியிருந்தால் எவ்வளவு நிம்மதி! பையன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பானோ? பக்கத்து வீட்டுச் சுகன்யாவுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அவளிடம் காட்டினால் விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான். தறி ஓட்டிப் படிக்க வைத்தது அவள்தான்.

எரித்தால் பிள்ளை தனக்கு மிஞ்சுவான். படிக்கக் கொடுத்தால் புருஷன் சொன்னது தெரியும். இரண்டும் கிடைக்காது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நின்று நின்று கால் கடுத்துப்போயிற்று. மூலை லேசாகக் கருகி வாசனை வந்ததும் பதறி அதை ஊதினாள், புடவைத் தலைப்பால் அழுத்தினாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

தென்னரசு செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசியபடி வந்தான். "நைனாரு வண்டி வந்துதுன்னு ரோட்டு முனையில சொன்னாங்க, இங்கதான் வந்தாரா? இன்னாமா தீஞ்ச வாசனை வருது? நிலா போன் பண்ணுச்சா?"

"கைய கழுவிகினு வந்து உக்காரு."

அவன் உட்கார்ந்தான். கவரை அவன் மடியில் வைத்தாள். "உங்கப்பா போட்ட லெட்டர். படி."

"அடேங்கப்பா!" என்று அவன் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "குவைத்துலேர்ந்து போட்டதா? அந்த மனுசன் இத்தினி நாளா எங்க வெச்சிருந்தாரு?" சாமிப் பொருளைத் தொடுவதுபோல் பார்த்துப் பார்த்து ஓரத்தைக் கிழித்தான். உள்ளே மெல்லிய தாள் ஒன்று, இரண்டு பக்கமும் எழுதியது. விரித்தவன் தலைப்பிலேயே நின்றான். கவரைத் திருப்பி முத்திரையைப் பார்த்தான்.

"மா. இதுல தொண்ணூத்தொம்பதுன்னு போட்டிருக்குது."

"ஆமா."

"அப்பாதான் தொண்ணூறுலயே..."

"சாவல. முன்னாடி ஒரு லெட்டர் வந்துது, பணம் அனுப்பினா வந்துடறேன்னு. செத்தார்னு பணம் வாங்கித் தறியும் போட்டாச்சு. வேணாம், எழுதாதீங்கன்னு நைனாருகிட்ட நான்தான் சொன்னேன். நான்தான்டா."

தென்னரசு அவளைப் பார்த்தான். முப்பத்தொரு வருஷமாக அவள் பார்க்காத பார்வை அது. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. குனிந்து தாளைப் பார்க்க ஆரம்பித்தான்.

அவன் கண் இடமிருந்து வலமாகப் போவதையும் மறுபடி இடத்துக்கு வந்து ஒரு வரி கீழே இறங்குவதையும் அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் கண் நின்றது. திரும்ப மேலே போய் அதே வரிக்கு வந்தது. உதடு அசையவே இல்லை.

"வாய் விட்டுப் படிடா" என்றாள் சின்னம்மா.

அவன் தாளை மறுபக்கம் திருப்பினான்.