சானமாவு யானையும் பதினான்கு பேரும்

அக்டோபர் 13, 2006, வெள்ளி

காலை எட்டேகாலுக்கு ஒரு தவறு செய்தேன். "சானமாவு காட்டு யானைகள் ஊருக்குள் வந்துவிட்டன. மூன்றாவது வார்டு பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பதிவு தள்ளிவைப்பு" என்று போனில் வந்த செய்தியை, அனுப்பியது யார் என்று பாராமல் பதினான்கு பேருக்கு அனுப்பினேன். எல்லோரும் மாலை வகுப்பில் என்னோடு படிப்பவர்கள், எங்கள் வார்டுக்காரர்கள். கம்பெனியில் ஒவ்வொரு பீஸையும் இரண்டு முறை அளந்துதான் பாஸ் போடுகிறேன். யானை என்றதும் அளக்கத் தோன்றவில்லை. போன மாதம் உண்மையாகவே வந்ததே.

ஒன்பதரைக்கு வகுப்புத் தோழி சௌமியா போன் செய்தாள். அவள் அம்மா சென்னம்மா வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்கிறார்.

"பூத்துல ஈ ஓட்டிட்டிருக்காங்க. யானையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எங்கம்மா ஒரு மாசமா வீடு வீடா நடந்தத உன் யானை மிதிச்சிடுச்சு."

கிளப்பியது யாரோ. பரப்பியதில் நானும் உண்டு. மறுப்புச் செய்தி அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"ஒரு தடவ ஏமாந்தவங்க இன்னொரு மெசேஜ நம்புவாங்களா? போய் ஓட்டுப் போட்டுட்டு விரலக் காட்டு."

ஓடினேன். என் முதல் ஓட்டு, வரிசையே இல்லை. பிறகு பக்கத்து அறை முனிராஜின் மொபெட்டில் உட்கார்ந்து, மை வைத்த விரலைத் தூக்கியபடி தெருத்தெருவாகப் போனேன். இன்னாருக்குப் போடுங்கள் என்று சொல்லவில்லை. "யானை இல்ல, வாங்க" என்று நான் தமிழில் கூவ, முனிராஜ் அதையே கன்னடத்திலும் தெலுங்கிலும் கூவினான். "ஆனெ இல்ல, பன்னி. ஏனுகு லேது, ரண்டி."

பூக்கடை காளியம்மாள் என் விரலைத் தேய்த்துப் பார்த்தார். "மை நெசந்தான். அப்ப யானை எங்கடா?"

"வண்டி ஓட்டிட்டிருக்குது பாருங்கக்கா" என்றேன். முனிராஜ் தொண்ணூறு கிலோ. கோபித்துக்கொள்ளாமல் ஹாரனை நீளமாக அடித்தான். தெருவே சிரித்தது. காளியம்மாள் கடையை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். பின்னால் எட்டுப் பேர்.

பன்னிரண்டு மணிக்கு வரிசை பள்ளி கேட்டைத் தாண்டியிருந்தது. நான் செய்தி அனுப்பிய பதினான்கு பேரின் பட்டியலில் பதின்மூன்று பேருக்கு டிக் போட்டேன். நாலேமுக்காலுக்கு, நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிய கந்தன் தானாகவே வந்தான். செய்தியை அவன் திறக்கவே இல்லை. "என்ன யானை?" என்றான்.

சென்னம்மாவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"விடுப்பா. தோத்தா ஓட்டுல தோக்கணும், யானைகிட்ட தோக்கக் கூடாது" என்று சொல்லி எல்லோருக்கும் மோர் ஊற்றினார். எண்ணிக்கை அடுத்த வாரம்.

ஞாயிறன்று பக்கத்து ஒன்றியத்தில் ஓட்டு. வகுப்பில் அந்த ஊர்க்காரர்கள் ஆறு பேர். நாளை மாலை ஐந்தரைக்கே வகுப்புக்குப் போய், இப்படி ஏதாவது செய்தி வந்தால் உடனே கேட்டுப் பார்க்க, அவரவர் பூத்துக்குப் பக்கத்து வீட்டு போன் நம்பரை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.