ஈரக்காற்றில் ஊமையான படலம்

ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த தம்பிக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. வருஷக்கணக்காக அமோனியாக் குழாய்களுக்கு நடுவே கிடந்ததில், அடுப்பில் பால் தீய்ந்தால்கூட அவனுக்குத் தெரியாது. வாயு கசிந்தால், மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் அவனும் ஓடுவான்.

அவன் அக்கா ஓர் ஆய்வுக்கூடத்தில் மாலிப்டினம் சல்பைடு என்ற சேர்மத்தை மூன்றே அணு தடிமனுக்குப் படலமாக வளர்த்துக்கொண்டிருந்தாள். அமோனியா பட்டால் அதில் ஓடும் மின்சாரம் கூடும். உலையிலிருந்து வந்ததெல்லாம் வீணாகி, கடைசியில் ஒன்றே ஒன்று தேறியது. அதை ஒரு சின்ன மணியோடு இணைத்து, சாதாரணக் காற்றில் எப்படி இருக்கிறதென்று பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அமோனியா கலந்த, கண்ணாடி துடைக்கும் திரவத்தைக் காட்டியதும் மணி அடித்தது. குளியலறையில் வெந்நீர் ஆவிக்கு நடுவே வைத்து அதே திரவத்தைக் காட்டினாள். அடிக்கவே இல்லை.

“அக்கா, இத எனக்குக் குடேன்.”

“ஈரக்காத்துல வேலை செய்யாதுடா. உங்க ஐஸ் கூடம் பூரா ஈரம்.”

“ஒண்ணும் இல்லாததுக்கு இது தேவல.”

“ஒண்ணும் இல்லன்னா பயந்துக்கிட்டாவது இருப்ப. இது இருந்தா அந்தப் பயமும் போயிடும். பேசாம வேற வேலை பாரு.”

“வேலை என்ன மரத்துலயா காய்க்குது?”

மறுநாள் காலை மேஜைமேல் கருவி இல்லை. தம்பிக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள், அவன் எடுக்கவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். தொழிற்சாலை வாசலில் எல்லோரும் இருமியபடி நின்றிருந்தார்கள். பம்பு அறையில் தனியாக இருந்தவனை, முகமூடி மாட்டிய இருவர் இழுத்து வந்துகொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தம்பி மனைவி அவள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“நீங்க செஞ்சதுதானே அண்ணி? அடிக்கும்னு நம்பித்தானே உள்ள போனாரு?”

“அடிக்காதுன்னு சொன்னேன்மா…” சொல்லும்போதே தன் குரல் அவளுக்கு அருவருத்தது. மேஜைமேல் வைத்தது யார்?

உயிர் தப்பியது. ஆனால் நுரையீரல் பழையபடி ஆகாது, ஒரு கண் சந்தேகம் என்றார் டாக்டர். தொண்டைக் குழாயை எடுத்த அன்று, கண்கட்டோடு தம்பி தடவித் தடவி அவள் விரலைப் பிடித்தான்.

“அக்கா, மணி அடிச்சிருக்கும்ல? பம்பு சத்தத்துல எனக்குத்தான் கேக்கல. இல்ல?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

“அடிக்கலடா.”

அவன் விரலை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.