ஆறாயிரம் ஜோடிச் செருப்பு

ராஜராஜேஸ்வரி இன்ஸ்டாகிராமில் சேலைக்கடை தொடங்கிய மறுநாள் காலை, சங்கரன்கோவில் வடக்கு ரதவீதிக்குப் பின்னால் இருக்கும் சந்தில், அவள் வீட்டு வாசலில் பதினேழு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. வீட்டுக்குள் விருந்தாளி யாரும் இல்லை. வாளியும் கோலப்பொடியுமாக வந்தவள் செருப்புகளை எண்ணிப் பார்த்தாள். உள்ளே போய்ப் போனை எடுத்தாள். அங்கேயும் பதினேழு பேர்தான் பின்தொடர்ந்திருந்தார்கள். சரிதான் என்று செருப்புகளை ஓரமாக ஒதுக்கி, மிச்சமிருந்த இடத்தில் சின்னதாக ஒரு கோலம் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அதற்கு முன் பதினோரு வருடம் தனியார் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் அவள். ஊரில் விசைத்தறியில் நெய்கிற பருத்திச் சேலைகளை வெளியூர்க்காரர்கள் வாங்கிப்போய் வேறு பெயர் ஒட்டி விற்பதைப் பார்த்துப் பார்த்து, நாமே விற்றால் என்ன என்று வேலையை விட்டாள். கணவன் ஆனந்த்சங்கர் திருவேங்கடம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். எதற்கும் ஒரு தேதி குறிக்காமல் அவனுக்குப் பேச வராது. அடுத்த தபசு வரைக்கும் பார், சரிப்படவில்லை என்றால் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிவிடு என்றான். அவள் நாற்காலியில் யாரையும் உட்காரவைக்கவில்லை என்று தலைமையாசிரியையும் சொல்லியனுப்பினார். அந்த நாற்காலிக்குத் திரும்ப ராஜராஜேஸ்வரிக்கு மனமில்லை. பிள்ளைகள் மேல் அவளுக்கு ஒரு வெறுப்பும் இல்லை. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லாமல் ஆயுள் போய்விடுமோ என்கிற பயம்தான்.

முதல் மாதம் அவள் தொழில் கற்றுக்கொண்டது அந்தச் செருப்புகளிடம்தான். குதிகால் தேய்ந்த தட்டைச் செருப்புகள் நிறைய வந்தன. பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர்கள் என்று புரிந்துகொண்டு, கஞ்சி போடாமலே விறைப்பாக நிற்கிற சேலைகளாக எடுத்துப் படம் போட்டாள். நர்சுகளின் வெள்ளைச் செருப்பு நாலைந்து வந்ததும் வெளிர்நிறங்களைக் கூட்டினாள். வெளிநாட்டுச் செருப்பு ஒன்று மணலோடு வந்தது. கடையநல்லூரிலிருந்து புருஷனோடு துபாய்க்குப் போனவளுடையது என்று பிறகு தெரிந்தது. மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்ட சேலையைவிட, தானே உடுத்தி மடிப்பு எடுத்துக் காட்டுகிற சேலைக்குத்தான் மறுநாள் வாசல் நிறைந்தது. கழுத்துக்குக் கீழேதான் காட்டினாள், முகத்தைக் காட்டக் கூச்சம். காலை எட்டரைக்குப் படம் போட்டால், உலகத்துப் பெண்களெல்லாம் சமையலை முடித்துவிட்டு ஒரே சமயத்தில் வந்து செருப்பைக் கழற்றியதுபோல் இருந்தது. நானூறு ஜோடி ஆனபோது ஆனந்த்சங்கர் தெருவில் பைக் நிறுத்த இடமில்லாமல் கோயில் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். பார்சல் எடுக்க வருகிற கூரியர்க்காரன் காளிராஜ் ஒருநாள் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"உள்ள வரமாட்டேன்க்கா. நேத்து அவசரத்துல எவளோ பொம்பளச் செருப்ப மாட்டிட்டுப் போயிட்டேன். வீட்ல பெரிய சண்டையாயிட்டு."

அந்த வாரம் புதன்கிழமை காலை வாசல் துடைத்துவிட்டதுபோல் காலியாகக் கிடந்தது. போனிலும் ஒருவர்கூட இல்லை. ராஜராஜேஸ்வரி வாளியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். நூறு வந்தது, இருநூறு வந்தது, அடுத்த புதன்கிழமை மறுபடி எல்லாம் போயிற்று. கார்த்திகைக்குள் இப்படித் தொடர்ந்து நாலு வாரம். ஆனந்த்சங்கர் போனைக் குறை சொன்னான், நெட்டைக் குறை சொன்னான், புது சிம் வாங்கிப் போட்டான். ஐந்தாவது புதன்கிழமை மட்டும் செருப்புகள் அப்படியே இருந்தன. முந்தின நாள் வீட்டில் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தாள். மாமியார் கோமதியம்மாள் கல்யாண வீட்டுக்காகப் புளியங்குடி போயிருந்தாள், அவ்வளவுதான்.

கோமதியம்மாள் கெட்டவள் இல்லை. மருமகள் மேல் ஊர்க்கண் விழுகிறதே என்று, வாசலில் நானூறு ஜோடி சேர்ந்ததிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் விளக்கு வைக்கிற நேரத்தில், முச்சந்தி மண்ணும் வத்தலும் கல்லுப்பும் எடுத்து, ராஜராஜேஸ்வரி கணினியில் விலாசம் அடித்துக்கொண்டிருக்கும்போது அவள் முதுகுக்குப் பின்னாலேயே மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். முச்சந்தி என்றால் எல்லோரும் மிதிக்கிற மண். நல்ல கண், கெட்ட கண் என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போய்விடும்.

"ஊர்க்கண்ணு பூரா வாசல்ல வந்து கெடக்கு. நான் சுத்திப் போடாம வேற யாரு போடுவா?" என்றாள் கோமதியம்மாள்.

"அத்தை, அந்தக் கண்ணுதான் எனக்கு வேணும். யாரு கண்ணும் படாம நான் எப்படிச் சேலை விக்க?"

இருபத்திரண்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்த கோமதியம்மாளுக்கு, பிறர் கண்ணில் படாமல் இருப்பதே ஒரு பெண்ணின் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனாலும் சுற்றிப்போடுவதை நிறுத்தினாள். செருப்புகள் தைக்குள் ஆயிரத்தைத் தாண்டின. ஆனால் அவள் பயந்ததும் பொய்யில்லை. பால் மூன்று நாள் விடாமல் திரிந்தது. ராஜராஜேஸ்வரிக்குக் காய்ச்சல் வந்து வந்து போயிற்று. படம் எடுக்க உடுத்திய புதுச்சேலைகள் மடிப்பிலேயே கிழிந்தன. அப்போதுதான் கோமதியம்மாள் தெருவில் இறங்கி ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துக்கொண்டு போனாள். முப்பத்தெட்டு ஜோடி கவிழ்ந்து கிடந்தன. செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது யாருக்குத்தான் தெரியாது? முச்சந்தி மண்ணை விட்டுவிட்டு, கவிழ்ந்த செருப்புகளின் அடியிலிருந்து மட்டும் காலடி மண் எடுத்துச் சுற்றிப்போட்டாள். மறுநாள் அந்த முப்பத்தெட்டு மட்டும் காணவில்லை. காய்ச்சலும் விட்டது. இப்படி ஒரு வழி இருப்பது தங்களுக்கு இத்தனை நாள் தோன்றவில்லையே என்று இரண்டு பேரும் நொந்துகொண்டார்கள்.

அதன்பிறகு இது ஒரு வேலையாயிற்று. காலையில் ராஜராஜேஸ்வரி படம் எடுப்பாள், கோமதியம்மாள் குச்சியோடு தெருவைச் சுற்றி வருவாள். பங்குனியில் மூவாயிரம், ஆனியில் ஆறாயிரம். செருப்புகள் சந்துக்கு வெளியே ரதவீதி முனை வரைக்கும் போயின. கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் போடுகிற இசக்கித்துரை வந்து பார்த்துவிட்டு, தபசுக்கூட்டத்தில் இதையும் என் கணக்கில் சேர்த்துவிடுவார்கள், ஒரு கயிறாவது கட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டான். கட்டினார்கள்.

தபசுக்குப் பத்து நாள் இருக்கும்போது மறுபடி காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் சேலை கேட்கிற நேரம். ராஜராஜேஸ்வரி எழுந்து உட்காரவே சுவரைப் பிடித்தாள். பதிலெழுதாத ஆர்டர்கள் போனில் குவிந்தன. இப்படியே ஒரு வாரம் யாரும் பதில் சொல்லாவிட்டால் வந்தவர்கள் போய்விடுவார்கள், அப்புறம் அந்த நாற்காலிதான். கோமதியம்மாள் காலையும் மாலையும் ரதவீதி முனை வரைக்கும் போய்ப் பார்த்தாள். தெருவில் ஒன்றுகூடக் கவிழ்ந்திருக்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. நாலாம் நாள் காலையில் கட்டிலில் படுத்திருந்த ராஜராஜேஸ்வரி, ஜன்னல் வழியாக மாமியார் வாசல்படிக்கு நேர் கீழே, முதல் வரிசையில் குனிந்து நிற்பதைப் பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில் யாரும் தேடியிருக்கவில்லை. பழுப்பு நிறத்தில், பெருவிரலுக்கு வளையம் வைத்த ஒரு ஜோடி அங்கே கவிழ்ந்து கிடந்தது. அதேபோல் ஒரு ஜோடி பின்வாசலில் எப்போதும் கிடக்கும். மருமகள் என்னதான் காட்டுகிறாள் என்று பார்க்க, போன வாரம்தான் மகனிடம் சொல்லித் தன் போனில் இன்ஸ்டா போடவைத்திருந்தாள் கோமதியம்மாள்.

கோமதியம்மாள் அந்தச் செருப்புக்கு அடியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ராஜராஜேஸ்வரியை எழுப்பிக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"யாரு செருப்பு அத்தை?" என்று கேட்டாள் ராஜராஜேஸ்வரி, தெரிந்தேதான்.

"என்னதுதான் தாயி. நாப்பது வருசமா இந்த வீட்ல சேலை உடுத்துதேன். நல்லாருக்குன்னு ஒருத்தர் சொன்னதில்ல. ஒன்ன ஆறாயிரம் பேரு பாக்காவ. எனக்கு வயிறெரிஞ்சிருக்கு. எனக்கே தெரியல."

ராஜராஜேஸ்வரிக்கு அழுகை வந்தது. மாமியார் கையை எட்டிப் பிடிக்கப் போனாள். மண்ணை முதலில் அடுப்பில் போட வேண்டும், தொடாதே என்று கோமதியம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. போனில் ஒரு ஆள் குறைந்திருந்தது. அன்று ராத்திரி முழுக்க இருவரும் உட்கார்ந்து ஆர்டர்களுக்குப் பதில் எழுதினார்கள். சேலையின் நிறத்தைச் சரியாகச் சொல்லக் கோமதியம்மாளுக்குத்தான் வாய்த்தது, மருமகள் அப்படியே எழுதினாள். தபசுக்கு முதல் நாள் கோமதியம்மாள் மாம்பழ நிறச் சேலை ஒன்றை உடுத்தி, முகம் தெரிய, மொட்டைமாடியில் நின்றாள். ராஜராஜேஸ்வரி படம் எடுத்தாள்.

தபசன்று காலை வாசலுக்கு நேர் கீழே அந்தப் பழுப்புச் செருப்பு மறுபடி வந்து நிமிர்ந்து கிடந்தது. கூடவே ஊர் ஊராக வந்த எழுநூறு ஜோடிப் புதுச் செருப்புகள். ஆனந்த்சங்கர் காபி குடித்துக்கொண்டே, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்க வாயெடுத்தவன், வாசலைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் கிளம்பினால்தான் தபசு மண்டபத்துப் பக்கம் இடம் கிடைக்கும் என்று மட்டும் சொன்னான். மூன்று பேரும் கவனமாகச் செருப்புகளைத் தாண்டி, வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்தார்கள்.