நானூற்றுப் பன்னிரண்டு கிலோ அன்பு

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தப் பிரெஞ்சு ஊரின் பெரிய அங்காடிப் பின்வாசலில் மரிவோன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். முன்வாசலில் ஆள் உயரத்துக்குச் சிவப்பு இதயம் வரைந்து, ‘பகிர்வதே அன்பு’ என்று பதாகை கட்டியிருந்தார்கள். அந்த அன்பெல்லாம் இங்கே பின்பக்கம் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கிடந்தது: கூழாகிப்போன கீரை, வயிறு உப்பிய தயிர்க் கிண்ணங்கள், நேற்றோடு தேதி முடிந்த கோழி.

முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள் மரிவோன். கெட்டுப்போன கோழியைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இப்போது பழைய தபால் நிலையக் கட்டடத்தில், இல்லாதவர்களுக்கு வாராவாரம் உணவுப்பொருள் கொடுக்கும் சங்கத்தை நடத்துகிறாள். அவளுக்கும் சம்பளம் கிடையாது, வண்டி ஓட்டும் சிநேகிதி அர்லெத்துக்கும் கிடையாது.

கடை மேலாளர் லுதோவிக் சிரித்த முகமாய் ஒரு சீட்டை நீட்டினார்.

“நானூத்திப் பன்னெண்டு கிலோ, மதாம். இங்க ஒரு கையெழுத்து.”

சூட்சுமமெல்லாம் அந்தக் கையெழுத்தில்தான். அது விழுந்துவிட்டால், இந்தச் சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு அறுபது பங்கு கடையின் வரியில் கழிந்துவிடும். குப்பையில் போட்டால் குப்பை வண்டிக்குக் கடை அல்லவா காசு கட்ட வேண்டும்? சங்கத்துக்குக் கொடுத்துவிட்டால் அந்தக் காசையும் சங்கமே கட்டும். தன் வீட்டு அழுகலை எதிர்வீட்டு வாசலில் கொட்டிவிட்டு, அதற்குச் சன்மானமும் வாங்கிக்கொள்வதற்குப் பெயர் தானமாம்!

“பாதிக்கு மேல அழுகல், முசியே. நல்லதை மட்டும் எழுதுங்க, போடறேன்.”

“என்ன மதாம் நீங்க! தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா?”

“பல்லை எதுக்குய்யா பாக்கணும்? மாடு செத்து நாலு நாள் ஆச்சுன்னு நாத்தமே சொல்லுதே.”

லுதோவிக்கின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. உள்ளே போய் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். குழந்தைகளுக்கான பால்பொடி, இருபத்து நாலு டப்பா, தேதி முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது.

“எல்லாம் ஒரே சீட்டுல. கையெழுத்துப் போட்டா எல்லாம் உங்களுக்கு, இல்லன்னா எல்லாம் பக்கத்து ஊர் சங்கத்துக்கு. பதினோரு மணிக்குப் பத்திரிகைல இருந்து போட்டோ எடுக்க வர்றாங்க. நீங்களும் வந்து ரெண்டு வார்த்தை நன்றி சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்.”

சங்கத்தின் பட்டியலில் ஒன்பது கைக்குழந்தைகள் இருந்தன. போன வாரமே அலமாரியில் பால் தீர்ந்துவிட்டது. மரிவோன் ஒரு கெட்ட வார்த்தையை வாய்க்குள் மென்றுகொண்டே கையெழுத்துப் போட்டாள்.

“போட்டுட்டியா?” என்றாள் அர்லெத், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

“பால் வேணும்ல.”

“அவன் நம்மள குப்பைத் தொட்டின்னு நெனச்சுட்டாண்டி.”

“தொட்டிக்காவது வாய் கிடையாது. நாம நன்றி வேற சொல்லணுமாம்.”

சங்கத்தில் இருவரும் பெட்டிகளைப் பிரித்தார்கள். தேறியது எழுபது கிலோ. மீதியைப் பின்பக்கம் குவித்துவிட்டு, பத்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். வரிசையில் முதலில் நின்றவள் நஸீரா. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள், இடுப்பில் எட்டு மாதப் பையன். இரண்டு டப்பா பாலை வாங்கிப் பையில் வைத்தவள், அப்படியே நகராமல் நின்றாள். அவள் கண் பின்பக்கக் குவியலுக்குப் போயிருந்தது.

“மதாம், அந்தக் கோழியைத் தூக்கித்தான் போடப் போறீங்களா? எனக்குக் குடுங்களேன்.”

“அது கெட்டுப்போச்சும்மா.”

“ஒரு நாள்தானே ஆகுது. வினிகர் ஊத்திக் கழுவி, நல்லா வேகவெச்சா ஒண்ணும் ஆகாது. பெரியவ ரெண்டு வாரமா கோழி கேக்குறா.” பிறகு சமாதானம் சொல்வதுபோலச் சேர்த்தாள்: “கடைக்காரங்க நல்ல மனசோடதானே குடுத்திருக்காங்க. வீணாக்குனா பாவம்.”

மரிவோனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழுகலைக் கொடுத்தவன் புண்ணியவானாம், அதைத் தின்னாவிட்டால் இவளுக்குப் பாவமாம்! எட்டு மணிக்குத் தான் போட்ட கையெழுத்துக்கு இதுதான் அர்த்தம் என்று அவளுக்கு உறைத்தது. தன் வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த கோழியைச் சங்கத்துக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நஸீராவின் பையில் திணித்தாள்.

“அர்லெத், குவியல் பூரா வண்டில ஏத்து!”

பதினோரு மணிக்கு அங்காடியின் முன்வாசலில் லுதோவிக் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு சிவப்பு இதயத்தின் கீழே நின்றிருந்தார். பத்திரிகைப் பெண் கேமராவைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து அர்லெத் வண்டியைப் பின்னோக்கி அவர் காலடி வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினாள். மரிவோன் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். சாமான் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

“மதாம்! என்ன பண்றீங்க?”

“தானம் பண்றேன். முன்னூத்தி நாப்பத்திரண்டு கிலோ. வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“எடுத்துட்டுப் போங்க முதல்ல! குப்பையைக் கொண்டுவந்து கடை வாசல்ல கொட்டுறீங்களே, அறிவிருக்கா?”

“காலைல எட்டு மணிக்கு இதுக்குப் பேரு தானம். நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. மூணு மணி நேரத்துல எப்படிய்யா குப்பை ஆச்சு?”

யாரோ ஒரு கிழவர் ‘ஹா’ என்று சத்தமாகச் சிரித்தார். லுதோவிக்கின் முகம் சிவந்துபோனது. சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதையே அவர் மறந்துவிட்டார்.

“அவ்வளவு திமிரா? அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு டப்பா பால்கூடக் கிடையாது! உங்க குழந்தைங்க எதைக் குடிக்குதுன்னு பாத்துடறேன்!”

மரிவோன் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒன்பது குழந்தைகள், அடுத்த வெள்ளிக்கு இன்னும் ஏழே நாள். பையும் கையுமாக நின்றவர்கள் யாரும் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை. எல்லோரும் லுதோவிக்கையே பார்த்தார்கள்.

பத்திரிகைப் பெண் கேமராவைக் கீழே இறக்கிவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தாள்.

“கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க, முசியே,” என்றாள்.