நிற்க இரண்டடி

பன்னிரண்டடி நீளப் போர்வைத் தையல் மெஷினுக்கு ரசீது எழுதக் கடைக்காரர் பேனாவைத் திறந்துவிட்டார். "ஒரு நிமிஷம், அறையில இடம் பத்துமா?" என்றாள் தையல்காரி. வீட்டிலேயே பஞ்சுப் போர்வை தைப்பவள். இந்த மெஷின் வந்தால்தான் பெரிய ஆர்டர்களை ஒப்புக்கொள்ள முடியும்.

"அறையை நான்தானே அளந்தேன்? சுவரோரமா கச்சிதமா உட்காரும்," என்றான் கணவன்.

"மெஷின் உட்காரும். டிசைன் தாள் மெஷினுக்குப் பின்பக்கம் இருக்கும், அதைப் பார்த்து ஓட்டணும்னா அங்கதான் நிக்கணுங்க. நான் என்ன பல்லியா, சுவத்துல ஒட்டிக்க?"

கணவன் அசடு வழிந்தான். "ரெண்டடி முன்னால இழுத்தா என் எக்சர்சைஸ் சைக்கிள் இடிக்குமே!"

"ஓட்டுறீங்களா அதை? ஈரச் சட்டைதானே காயுது!"

கடைக்காரர் இருமுவதுபோல் சிரித்தார்.

"எழுதுங்க சார்," என்றான் கணவன். "அப்படியே, பழைய சைக்கிள் யாராவது கேட்டா சொல்லுங்க."