சுல்தான் பீவிக்கு ஒரு காலி விமானம்

மராத்தி ஊரான லோஹேகாவில், விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு வானத்தைப் பற்றி ஒரு கருத்து இல்லாமல் இருக்க முடியாது. சுல்தான் பீவிக்கும் இருந்தது. சண்டை விமானத்தில் ஒரே ஒரு ஆள்; அது விர்ரென்று மேலே போகிறது. பயணிகள் விமானமோ நிறைமாதக்காரி மாடியேறுவதுபோல மூச்சு வாங்கிக்கொண்டு எழும்புகிறது. ஆகவே, ஆள் குறைந்த விமானமே நல்ல விமானம். அவள் கணவர் லியாகத் அலி இதை இரண்டொரு முறை மறுத்துப் பார்த்து விட்டுவிட்டார்.

தொண்ணூற்றைந்தில், மெட்ராஸில் இருந்த மகள் ஹுதாவுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வரவேண்டியவளை அசையக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், தாய்வீடுதான் அவளிடம் போக வேண்டியிருந்தது. ரயிலா? போன தடவை ரயிலில் போனபோது சுல்தான் பீவி மெட்ராஸ் வந்து சேர்ந்தாள், அவள் இடுப்பு பாதி வழியில் குண்டக்கல்லிலேயே இறங்கிவிட்டது. ஒரு மாதம் படுக்கை.

“உம்மா, நீ வந்துருவேல்ல?” என்று போனில் ஹுதா கேட்டாள்.

“காலி விமானம் கெடச்சா வாரேன்ளா.”

லியாகத் அலி விமான நிலையச் சாலையில் பெட்டியும் பையும் விற்பவர். புதுப் பைகள் தொய்ந்துவிடாமல் நிற்க, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணிப்பார். பக்கத்து வங்கியிலிருந்து எடைக்கு வருவது எல்லாம் வணிகப் பத்திரிகை. எந்தக் கம்பெனி எத்தனை இருக்கைகளைப் பறக்கவிட்டது, அவற்றில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று அதில் மாதாமாதம் போடுவார்கள். அவர் பைகளின் வயிற்றிலிருந்து அந்தத் தாள்களையெல்லாம் உருவிப் படித்தார். கடையில் இருந்த பைகள் பட்டினி கிடந்தவர்கள்போலச் சரிந்து விழுந்தன.

சர்க்கார் விமானத்தில் இருக்கையும் கூடவில்லை, ஆளும் கூடவில்லை, என்றும் நெரிசல். மயில் படம் போட்ட தனியார் கம்பெனியில் இருக்கை கூடக்கூட ஆளும் கூடினார்கள். மூன்றாவதாக, ‘தாரகை’ என்று ஒரு கம்பெனி. புது உற்சாகத்தில் பெரிய பெரிய விமானங்களாக வாங்கிவிட்டது. இருக்கை இரு மடங்கு ஆயிற்று. ஆள் பழைய ஆள்தான். பாதி விமானம் வெறும் காற்றை ஏற்றிக்கொண்டு போனது.

டிக்கெட் வாங்கினார். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பை வாங்க வந்தவர்களிடமெல்லாம், தாரகையில் மூன்று இருக்கை சேர்த்துப் படுத்துத் தூங்கலாம் என்று மராத்தியில் பாதி, இந்தியில் பாதியாகச் சொன்னார். பின்வரிசையில் கேரம் போர்டு வைத்து ஆடுகிறார்கள் என்றும் சொன்னார். அதை அவர் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு இடம் இருந்தது உண்மை.

பயண நாளில் நிலையத்துக் கட்டடத்திலிருந்து விமானம்வரை நடந்தே போனார்கள். படிக்கட்டிலிருந்து விமானத்தின் வால்வரை வரிசை நின்றது. ஒவ்வொரு கையிலும் ஒரு பை. ஒவ்வொரு பையின் கைப்பிடியிலும் ஊதா நூல். கடைப் பைகளுக்குக் கைப்பிடி தைப்பவள் சுல்தான் பீவிதான்.

“எல்லாம் நம்ம பையில்லா?”

“ஆமா.”

“காலின்னு ஊரெல்லாம் சொன்னியளோ?”

“ரெண்டு பேருகிட்டதான்.”

அவள் படிக்கட்டின் அடியில் நின்றுவிட்டாள். ஹுதாவின் குரல் லியாகத் அலியின் காதிலேயே இருந்தது. ஆனாலும் அவர் வற்புறுத்தவில்லை. ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று மெல்லச் சொல்லி, அவள் கையிலிருந்த பையையும் வாங்கிக்கொண்டார்.

அவள் வரிசையை ஒருமுறை தலையிலிருந்து கடைசிவரை பார்த்தாள்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க சொல்லுத ஒரு பேச்சையும் நான் நம்புனதில்ல, ஹுதா வாப்பா. இம்புட்டுப் பேரு நம்பி ஏறுதாங்க. நான் மட்டும் கீழ நின்னா ஒங்களுக்கு என்ன மரியாதை?”

பிஸ்மி சொல்லி, வலது காலை எடுத்து வைத்தாள்.

விமானம் மூச்சு வாங்கிக்கொண்டு எழும்பியபோது, தன் பாரமாவது குறையட்டும் என்று இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டாள். சொல்லிப் புரியவைக்க முடியாது என்று லியாகத் அலிக்குத் தெரியும். அவரும் தன் கால்களைத் தூக்கிக்கொண்டார். மெட்ராஸ்வரை இருவரும் கீழே வைக்கவில்லை.

தாரகை விமானம் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது அந்த ஒரு நாள்தான். விமானிக்குக் காரணம் விளங்கவேயில்லை. ஹுதாவுக்கு வலி எடுத்தபோது உம்மாவின் கை அவள் தலைமேல் இருந்தது.