ஒபாரே பெயரில் ஒரு லைசென்ஸ்

நான் பதறுகிற ஆள் இல்லை. கானாவில், தேமா துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் துணி அச்சாலையில் எந்தக் கம்ப்யூட்டர் நின்றாலும் "செனாமைக் கூப்பிடு" என்பார்கள். கையிலிருக்கும் கென்கே உருண்டையைத் தின்று முடித்துவிட்டுத்தான் போவேன். போனால் ஓட வைத்துவிட்டுத்தான் வருவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

எங்கள் அச்சாலையின் உயிர் சாயக் கலவை அறையில் இருக்கிறது. எந்தத் துணிக்கு எந்தச் சாயம் எத்தனை கிராம், எந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் என்று நாலாயிரத்துச் சொச்சம் செய்முறைகள். அவை மொத்தமும் பதினோரு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் ஒரு நிறுவனத்திடம் வாங்கிய சாஃப்ட்வேருக்குள் இருக்கின்றன. அது எங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில், எங்கள் கூரைக்குக் கீழேயே ஓடுகிறது. ஒரே தடவை வாங்கினோம், ஆயுசுக்கும் எங்களுடையது.

செப்டம்பர் தொடக்கத்தில் அந்த நிறுவனத்திலிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தது. இனி இந்தச் சாஃப்ட்வேருக்கு எங்கள் உதவி கிடையாது, வாடிக்கையாளர்களுக்கான வலைத்தளத்தை இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடுகிறோம், வேண்டியதை அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவர்களுடைய ஐந்து மணி என்றால் எங்களுக்கு மூன்று மணி.

முதலாளி அராபா ஒட்டுவா மேடம் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓடுறது பாட்டுக்கு ஓடும்தானே?"

"இந்தக் கம்ப்யூட்டர் சாகுற வரைக்கும் ஓடும் மேடம். செத்தா, புதுசுல ஏத்தணும். ஏத்துறதுக்கு ரெண்டு ஃபைல் வேணும். ஒண்ணு சாஃப்ட்வேர். இன்னொண்ணு, இது இவங்களுக்குச் சொந்தம்னு சொல்ற லைசென்ஸ். ரெண்டுமே அந்த வலைத்தளத்துல மட்டும்தான் கிடைக்கும்."

"தினமும் காப்பி எடுக்கிறேன்னு பீத்திக்குவியே?"

"எடுக்கிறேன். அந்தக் காப்பியைப் படிக்க இந்தச் சாஃப்ட்வேராலதான் முடியும். அது இல்லேன்னா நாலாயிரம் செய்முறையும் வெறும் குப்பை."

"அப்ப அந்த ரெண்டு ஃபைலையும் எடுத்துத் தொலை."

"அங்க கணக்கு ஒபாரே பேர்ல இருக்கு மேடம்."

மேடம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு வேறு காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தார். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஒபாரே எனக்கு முன்னால் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். சாஃப்ட்வேர் வாங்கிய அன்று அலுவலக மெயில் வேலை செய்யாததால் தன் சொந்த மெயிலிலேயே கணக்கைத் தொடங்கினார், அப்படியே விட்டுவிட்டார். மூன்று வருடங்களுக்கு முன், எங்களிடம் அதிகம் விற்கும் துணியான "பக்கத்து வீட்டுக்காரி பார்க்கட்டும்" மாதிரியே ஒரு துணி போட்டி அச்சாலையிலிருந்து சந்தைக்கு வந்தது. அதே பூ, அதே நீலம். மேடம் சாயக் கலவை அறையில் நாற்பது பேருக்கு முன்னால் ஒபாரேயைப் பார்த்து, "என் நீலத்தை வித்துட்டே, திருடா" என்றார். ஒபாரே சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

ஒரே மாதத்தில் அந்தப் போட்டித் துணி முதல் சலவையிலேயே சாயம் போனது. எங்கள் செய்முறை அவர்கள் கையில் இருந்திருந்தால் போயிருக்காது. சாயம் தெரிந்த எவருக்கும் இது புரியும், மேடத்துக்கும் புரிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்பதென்றால் மேடத்துக்கு வேப்பங்காய்.

நான் என்ன, சும்மாவா இருந்தேன்? அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். பெயர் மாற்ற முப்பது வேலை நாளாகும் என்றார்கள். ஒபாரேக்கு அலுவலகத்திலிருந்து போன் போட்டேன், எடுக்கவில்லை. என் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டபோது எடுத்தார்.

"செனாமு, உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கேக்க வேண்டியவங்க வந்து கேக்கட்டும்."

மேடத்திடம் சொன்னேன். "அவன் வாசலுக்கா, நானா" என்றார். இப்படியே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அன்று காலை கலவை அறைத் தலைவர் சுலே கம்ப்யூட்டரைப் போட்டார். கர்ரென்று ஒரு சத்தம், கறுப்புத் திரை. மறுபடியும் போட்டார், மறுபடியும் கறுப்பு. திங்கட்கிழமை ஆறாயிரம் கெஜம் "பக்கத்து வீட்டுக்காரி" அச்சிட வேண்டும், அந்த நீலத்தை மனப்பாடமாகக் கலக்க சுலேயாலும் முடியாது. மூன்றாவது தடவை, கிழவன் கட்டிலிலிருந்து எழுவது மாதிரி மெதுவாக எழுந்தது. அன்று நான் கென்கேயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

மேடம் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "தவியாவை வண்டி எடுக்கச் சொல்லு" என்றார்.

தவியா எங்கள் டிரைவர். அக்ரோபொங்குக்கு, ஒபாரே வீட்டுக்கு, என்றதும் அவர் முதலில் கேட்டது, "ஷ்நாப்ஸ் வாங்கியாச்சா?"

"போய் ஓடிபி வாங்கப் போறோம் அண்ணே, கல்யாணம் பேசவா போறோம்?" என்றேன்.

"சமாதானம் கேக்கப் போறோம். வெறுங்கையோட போனா வாசல்லயே நிக்கணும். நீ கம்ப்யூட்டரைப் பாரு, மனுஷங்களை நான் பாத்துக்கிறேன்."

வழியில் அடென்டாவில் நெரிசல். தவியா அங்கேயே இரண்டு பாட்டில் ஷ்நாப்ஸ் சாராயம் வாங்கினார், அதையும் நல்லதாகப் பார்த்துப் பார்த்து. மேடத்தோடு மலையேறி ஒபாரே வீட்டு முன் நின்றபோது மணி ஒன்று நாற்பது. நேரம் தாராளமாக இருந்தது. லேப்டாப், இரண்டு கம்பெனியின் இணைய சிம், காலி டிஸ்க் எல்லாம் கொண்டுவந்திருந்தேன். இருபது நிமிட வேலை. செனாம் எதையும் மறக்கமாட்டாள்.

ஒபாரேயின் மனைவி கெசெவா நாற்காலி போட்டார், எல்லோருக்கும் கை கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார். ஒபாரே எதிரே வந்து உட்கார்ந்தார், மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

"பெட்டியை மூடும்மா," என்றார் கெசெவா. "வந்த சேதியை யாரும் இன்னும் சொல்லல."

வாங்கிக் கட்டிக்கொண்டு மூடினேன். கெசெவா தவியா பக்கம் திரும்பினார். "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்கதான் வழி நடந்து வந்தவங்க. என்ன சேதி?"

தவியா தொண்டையைச் செருமிக்கொண்டு தேமாவில் காலை எழுந்ததிலிருந்து ஆரம்பித்தார். மேடத்தின் நலம், அச்சாலையின் நலம், வழியிலிருந்த நெரிசல். வண்டியில் ஓட்டைவாயாக இருக்கும் மனிதர், இங்கே ராஜசபையில் நிற்பவர் மாதிரி நிதானமாகப் பேசினார். எனக்குக் கால் கட்டை விரலிலிருந்து எரிந்தது. மணி இரண்டு ஐந்து. இரண்டு பதினைந்து. கடைசியில் ஷ்நாப்ஸை நடுவில் வைத்து, "வாய் தவறி ஒரு சொல் போயிருச்சு, அதைத் திருப்பி எடுத்துக்க வந்திருக்கோம்" என்றார்.

ஒபாரே முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அழகாப் பேசினீங்க தவியாண்ணே. ஆனா என்னைத் திருடன்னது உங்க வாய் இல்லையே."

மேடம் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார்.

"அவங்க நீலம் சலவையில போச்சுன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும், ஒபாரே. நீ குடுக்கல. மூணு வருஷமாத் தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு. நான் செஞ்சது தப்பு."

இதை மேடம் சொல்லி நான் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒரு கண் மட்டும் கடிகாரத்தில் இருந்தாலும்.

"திருடன்னதை நாப்பது பேர் கேட்டாங்க," என்றார் ஒபாரே. "இதைக் கேட்டது நாலு பேர்."

அது நியாயம்தான். அதற்கு எனக்கு வழி தெரியும். தவியாவின் போனை வாங்கி சுலேயைக் கூப்பிட்டேன். "மிஷினை நிறுத்துங்க. உங்க போனை ஒலிபெருக்கி மைக்குல வைங்க, மேடம் பேசுறாங்க." மேடம் போனை வாங்கி அதே வார்த்தைகளை மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொன்னார். அந்தப் பக்கம் நாற்பது பேரும் கேட்டார்கள்.

ஒபாரே பையிலிருந்து தன் போனை எடுத்தார். "என் மெயில் முகவரியைப் போடும்மா. நம்பர் வரும், படிக்கிறேன்."

இரண்டு நாற்பத்தொன்றுக்கு உள்ளே நுழைந்தேன். பெரிய ஃபைலை முதலில் இறங்கவிட்டேன். லைசென்ஸ் சின்னது, அது கடைசியில் இரண்டு நிமிடம், எங்கே ஓடிப்போகிறது என்று நினைத்தேன். நாற்பது, ஐம்பது, அறுபத்து நாலு சதவீதம். மலை மேல் மழை இறங்கியது, இணையம் அப்படியே நின்றது. மற்ற சிம்மைப் போட்டேன். அதுவும் செத்தது. மழையில் நனைந்துகொண்டே லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்து முற்றத்தைச் சுற்றினேன். திரும்ப இணையம் வந்தபோது மணி மூன்று நாலு. திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. பதினோரு வருடம் எங்களோடு இருந்ததற்கு நன்றி.

"போச்சு மேடம்," என்றேன். "லைசென்ஸையாவது முதல்ல எடுத்திருக்கணும். நான்தான் முட்டாள்." என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மேடம் லேப்டாப்பைப் பார்த்தார், பிறகு நடுவில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். கிளம்பிவிடுவார் என்று நினைத்துப் பையை எடுத்தேன்.

"உக்காரு செனாம். தவியா, பாட்டிலைத் திற," என்றார். "ஃபைல் போனா போகுது. அந்தக் கம்ப்யூட்டர் செத்தா, சுலேயை வெச்சு ஒவ்வொரு நீலமாத் திரும்பக் கண்டுபிடிக்கிறேன், எத்தனை வருஷமானாலும். இவனோட சமாதானத்தைப் பாதியில விட்டுட்டுப் போகமாட்டேன்."

தவியா முதல் சொட்டுகளைத் தரையில் ஊற்றி, முன்னோர் பெயரைச் சொன்னார். கிண்ணம் மேடத்திடமிருந்து ஒபாரேயிடம் போனது. ஒபாரே குடித்தார், கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார், மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார்.

கெசெவா உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தார். அதற்குள் "பக்கத்து வீட்டுக்காரி" துணித் துண்டில் சுற்றிய ஒரு பென் டிரைவ்.

"கடுதாசி உங்களுக்கு மட்டுமா வந்துச்சு?" என்றார் ஒபாரே. "கணக்கு என் பேர்ல இருக்கு. எனக்கு மெயில் வந்த அன்னைக்கே ரெண்டு ஃபைலையும் எடுத்து வெச்சுட்டேன். கையேட்டையும் சேர்த்து."

செனாம் எதையும் மறக்கமாட்டாள் என்றேனே, இதை யோசித்தேனா? அவருக்கும் மெயில் போயிருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். என் மூக்கு சுத்தமாக உடைந்தது.

மேடம் அந்தத் துணித் துண்டைத் தடவிப் பார்த்தார். "பாவி. அப்ப எதுக்குய்யா என்னை இந்தப் பாடு படுத்தினே?"

"நீங்க வாசல் மிதிச்சா கண்டிப்பாக் குடுக்கணும்னுதான் இருந்தேன். ஃபைல் கைக்கு வந்ததும் எந்திரிச்சு ஓடுறீங்களான்னு பாக்க நினைச்சேன். ஃபைல் போயும் நீங்க எந்திரிக்கல."

மேடம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். அப்போது தவியாவின் மடியிலிருந்து ஒரு குரல் வந்தது. போனை யாரும் அணைக்கவே இல்லை.

"மேடம், சுலே பேசுறேன்," என்றது குரல். பின்னால் நாற்பது பேர் சிரிப்பது கேட்டது. "அப்ப திங்கக்கிழமை நீலம் உண்டா, இல்லையா?"

"உண்டு," என்றார் ஒபாரே, மேடத்துக்கு முன்னால்.

திங்கட்கிழமை காலை புதுக் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேரை ஏற்றினேன். இணையக் கம்பியைப் பிடுங்கிப்போட்டுவிட்டு லைசென்ஸைக் கொடுத்தேன். யாரையும் எதையும் கேட்காமல் திறந்தது. காப்பியை ஏற்றினேன், நாலாயிரத்துச் சொச்சம் செய்முறைகளும் இருந்தன. அந்த இரண்டு ஃபைலையும் மூன்று இடத்தில் வைக்கச் சொன்னார் மேடம். ஒன்று இரும்புப் பெட்டியில், ஒன்று என்னிடம், மூன்றாவது ஒபாரே வீட்டு பிஸ்கட் டப்பாவில்.